நிலாவுக்கு ஏற்ற மண்

"இடது பக்கம் போன்னு யாருங்க சொன்னது?"

"லெஸ்லி சார்."

"பாறையைப் பார்க்கத்தான் சொன்னேன். போகச் சொல்லலை."

நிலா வண்டி நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. தேயிலை விலை விழுந்ததிலிருந்து பாதி நாள் ஓடாமல் கிடக்கும் அரவேணு டீ ஃபேக்டரிக்குப் பின்னால், ஒரு மண்மேட்டில் வண்டி. குன்னூர் பங்களா அறையில் திரையைப் பார்த்தபடி, தூரத்திலிருந்தே அதை ஓட்டிப் பழகும் விஞ்ஞானிகள். வண்டி நிஜ நிலாவுக்குப் போவதற்குள் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பது ராஜப்ரியாவின் பொறுப்பு.

சாயங்காலத்துக்குள் வண்டி நிலா மண் போன்ற நுண்தூளை அள்ளியாக வேண்டும். இல்லையென்றால், பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் பாலசுப்பிரமணியம் முகாமையே ராஜஸ்தானுக்கு மாற்றிவிடுவார். ராஜப்ரியாவின் வேலையும் போய்விடும்.

"இனி ஓட்டுற சுஜித்கிட்ட லெஸ்லி சார் மட்டும் பேசட்டும்," என்றாள்.

மற்ற ஐந்து பேரும் லெஸ்லியின் காதில் பேச ஆரம்பித்தார்கள். அவர் காதைப் பொத்திக்கொண்டார். வண்டி பள்ளத்தில் இறங்கியது.

"சரி, கை தூக்குங்க. எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கம் போகலாம்."

இடதுக்கு மூன்று கை. வலதுக்கு மூன்று கை.

"ஏனுங்க, ஓட்டுறவனுக்கு ஓட்டு இல்லீங்களா?" என்றான் சுஜித்.

அதற்கும் ஒரு விவாதம் நடந்தது. பேட்டரி பாதியாகியிருந்தது. திரையில் களிமண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. போதாக்குறைக்கு ஒரு மாடு வேறு.

மேட்டில் மாடு விரட்டுவது ஃபேக்டரி கனகமணியக்காவின் பொறுப்பு. ராஜப்ரியா வாக்கிடாக்கியை எடுத்தாள். "அக்கா, வண்டிகிட்ட மாடு வருதுங்க..."

"மாடு கெடக்கட்டும்," என்று பின்னாலிருந்து கத்தினார் லெஸ்லி. "எனக்கு டஸ்ட்டைக் காட்டு. டஸ்ட்!"

அதற்குள் மேட்டை மூடுபனி மூடியது. திரை வெள்ளையானது. நிலாவில் இந்தத் தொல்லையாவது இருக்காது என்று ராஜப்ரியா நினைத்துக்கொண்டாள்.

பனி விலகியபோது, வண்டிக்கு நேர் முன்னால் கறுகறுவென்று நுண்தூள், சலித்து வைத்ததுபோல.

சுஜித் யாரையும் கேட்கவில்லை. அள்ளினான்.

"அற்புதமான தூள்," என்றார் லெஸ்லி. "எரிமலைச் சாம்பலேதான்."

பாலசுப்பிரமணியம் எழுந்து வந்து ராஜப்ரியாவின் கையைக் குலுக்கினார். "நல்ல ஏற்பாடும்மா. முகாம் இங்கயே இருக்கட்டும்."

அவள் நாற்காலியில் சாய்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை நிதானமாக விட்டாள். வாக்கிடாக்கி கரகரத்தது.

"அம்மணி, டஸ்ட்டு போதுமுங்களா? ஒரு மூட்டைதான் பிரிச்சுக் கொட்டுனேன். ஏலத்துல யாரும் எடுக்காத டீத்தூளு இன்னும் குடோன் நெறைய கெடக்குதுங்க. அத்தனையும் நிலாவுக்கே எடுத்துக்கச் சொல்லுங்க."