மேஸ்திரியின் மகன்

சலவை மெஷின் கதவைத் திறந்ததும் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் ரோஜா நிறத்தில் வந்து விழுந்தன.

"சிவப்புத் துணி ஒண்ணு உள்ள கிடக்குதுன்னு சொல்ல வந்தேன், மேஸ்திரி," என்றார் மெஷின்காரர்.

"வந்தா சொல்ல வேண்டியதுதானே?"

"வாயைத் திறந்தேன். எதிர்த்துப் பேசாதீங்க, கதவைச் சாத்துங்கன்னுட்டீங்க."

உண்மைதான். அந்தச் சலவைக் கம்பெனியில் அவன் அன்று காலைதான் மேஸ்திரி ஆகியிருந்தான். அதுவும் சோதனைக்கு. சாயங்காலம் முதலாளி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் பதவி நிலைக்கும். ஆட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று கம்பெனியே வகுப்பு நடத்தியது. போய் வரச் சொல்லி மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"எனக்கெதுக்கு வகுப்பு? அங்க பாரு."

சுவரில் அப்பாவின் போட்டோ. அவரும் வேறொரு சலவைக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். மேஸ்திரித் தொப்பி, கழுத்தில் விசில், நிமிர்ந்த நெஞ்சு. அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச்சேர்ந்தவர்.

"இதெல்லாம் ரத்தத்துல வரணும். சொல்லிக்குடுத்தா வராது," என்றவன், பக்கத்திலேயே தன் போட்டோவுக்கு ஆணியும் அடித்துவிட்டான். பாவம், அவ்வளவு ஆசை.

இப்போது ஆட்கள் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். தலைவன் யோசிக்கக் கூடாது, முடிவெடுக்க வேண்டும்.

"நீலம் போடுங்க. வெளுத்துடும்!"

"ரெண்டு மூடி போதும், ஆனா முதல்ல..."

"கேனோட கவுத்துங்க!"

கோட்டுகள் கத்தரிக்காய் நிறத்தில் வெளியே வந்தன.

"கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணி விடுங்க. சாயம் இறங்கிடும்!"

"மேஸ்திரி, அந்தத் துணி..."

விசிலை எடுத்து ஊதினான். மெஷின்காரர் வாயை மூடிக்கொண்டு சுடுதண்ணீரைத் திறந்துவிட்டார். சாயம் இறங்கவில்லை. கோட்டுகள்தான் சுருங்கின.

முதலாளி வந்தார். ஒரு கோட்டை உயர்த்திப் பிடித்தார்.

"இதை எந்த டாக்டருப்பா போடுவாரு? அவரு இன்னும் பள்ளிக்கூடமே சேரலையே!"

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

"நாளையிலருந்து பழையபடி இஸ்திரி மேஜைக்குப் போ. இந்தா, இதை வீட்டுல மாட்டி வை."

தொப்பியையும் விசிலையும் வாங்கிக்கொண்டு கோட்டை அவன் கையில் திணித்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கோட்டைப் பார்த்தாள்.

"ஆணியைப் பிடுங்கிடவா?" என்றாள் மெதுவாக.

அவன் அப்பா போட்டோவின் முன் தலைகுனிந்து நின்றான். உள்ளேயிருந்து அம்மா வந்தாள். "அம்மா, அப்பா பேரைக் கெடுத்துட்டேன்மா."

அம்மா கோட்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாருடா சொன்னது? அப்படியே உங்கப்பாதான் நீ! அவரும் ஒரே ஒரு நாள்தான் மேஸ்திரி. காலையில இந்தப் போட்டோ எடுத்துக்கிட்டாரு, சாயங்காலம் பச்சைக் கோட்டோட வந்து நின்னாரு."