மூக்குக்கு நூற்றுக்கு நூறு

செம்பூர், மும்பை,
ஞாயிறு காலை.

சிரஞ்சீவி மாதவுக்கு அத்திம்பேர் அனந்தநாராயணன் அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அக்கா அகிலாண்டமும் சௌக்கியம். புணேயில் எல்லோரும் எப்படி என்று விசாரிப்பதுதான் முறை. ஆனால் இன்று அதற்குப் பொறுமை இல்லை. மாதவ், நான் பாஸ்! பத்துக்குப் பத்து!

போன வாரம் நீ வந்திருந்தபோது சாம்பார் அடிப்பிடித்துக் கருகியதும், பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாமல் போனதும் வாஸ்தவம். அதற்காக, வயசானவர்களுக்கு வாசனை தெரியாமல் போனால் அது மறதி நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம் என்று ஒரு கட்டுரையை வாட்ஸப்பில் அனுப்பி, சயானில் மூளை டாக்டரிடம் என் பேருக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி, அதுவரை சனிக்கிழமை வழக்கம்போல் தனியாக மாட்டுங்கா கோயிலுக்குப் போகக் கூடாது என்று தடையும் போட்டாயே, இது உனக்கே அடுக்குமா? ஒரு வாரமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பயம்தான், ஒளிப்பானேன்?

ஆகவே இன்று நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். சமையலறை அலமாரியில் பத்து எவர்சில்வர் டப்பா, நான் ரிட்டயரான மறுநாள் வரிசைப்படுத்தி வைத்தவை. துண்டால் கண்ணைக் கட்டச் சொன்னேன். "ஏன்னா, இந்த வயசுல கண்ணாமூச்சியா?" என்று உன் அக்கா சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாக மூக்கடியில் நீட்டினாள். மூச்சை இழுத்து "மல்லி" என்றேன். "சரி." "மிளகு." "சரி." சீரகம், வெந்தயம் என்று போய், ஏழாவது பெருங்காயம் என்றதும், "குருவாயூரப்பா, அதுவும் சரி!" என்று கத்தியேவிட்டாள். பத்தாவது காபிப்பொடி! துண்டை வீசி எறிந்துவிட்டு நான் குதித்த குதியில் கீழ்வீட்டு வக்கீல் பைசான் ஓடி வந்து, "க்யா ஹுவா, அங்கிள்?" என்று என்ன ஆச்சோ என்று பதறினார். என் மூக்கு பாஸாகிவிட்டது என்பதை "மேரா நாக் பாஸ் ஹோ கயா!" என்று இந்தியில் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எனவே அந்த அப்பாயின்ட்மென்ட்டை உடனே ரத்து செய். சனிக்கிழமை நான் தனியாகத்தான் மாட்டுங்கா போவேன். சகல மங்களமும் பெற்று நீடூழி வாழ்க.

அத்திம்பேர்

பி.கு.: மாதவா, அக்கா எழுதறேன். கவரை ஒட்டித் தரேன்னு வாங்கிண்டு வந்தேன். டப்பாவெல்லாம் திருப்பி அடுக்கறப்போதான் பார்த்தேன், ஒண்ணோட மூடியையும் நான் திறக்கவே இல்லை! அலமாரி வரிசைப்படியே எடுத்து நீட்டியிருக்கேன், மனுஷர் அதை அப்படியே ஒப்பிச்சிருக்கார். பாவம், நிஜமாவே மணக்கறதுன்னு நெனச்சுண்டிருக்கார். அவர் ஞாபகத்துக்கு ஒரு குறையும் இல்லை, மாட்டுங்கா போகட்டும். மூக்கைப் பின்னாடி பார்த்துக்கலாம். ஆனா பத்து மூடியைத் திறக்க மறந்திருக்கேனே, இப்போ எனக்குன்னா பயமா இருக்குடா. அப்பாயின்ட்மென்ட்டை ரத்து பண்ணாதே. என் பேருக்கு மாத்திடு.