ஒத்திகை அண்ணாச்சியின் மூன்று ஓய்வுகள்

மூன்று முறை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மூன்று முறையும் மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்து நின்ற ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் ஒத்திகை அண்ணாச்சிதான். நம்பாதவர்கள் ராஜபாளையம் வந்து எந்த மில் வாசலிலும் விசாரித்துக்கொள்ளலாம்.

நான் வேலை பார்த்த நூல் மில்லில் அவர் டைம் ஆபீஸ் கிளார்க். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். யார் லேட், யார் லீவு என்று அடுத்தவன் நேரத்துக்கே காவல் இருந்தவருக்கு ஐம்பது வயதில் திடீரென்று ஓர் ஆசை. ஐம்பத்தெட்டு வரை காத்திருக்காமல் வேலையை விட வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

விட்டால் பென்ஷனும் வட்டியுமாகப் பாதிச் சம்பளம்தான் தேறும். அதில் வாழ முடியுமா? வாழ்ந்தே பார்த்துவிடுவது என்று, மறு மாதமே பாதியைத் தபால் ஆபீஸில் போட்டுவிட்டு மீதியில் குடித்தனம் நடத்த ஆரம்பித்தார். டீ பாதி. வடை பாதி, மறு பாதியை என் தலையில் கட்டிக் காசு வாங்கிவிடுவார். பேப்பர், பக்கத்து வீட்டுக்காரர் படித்து முடித்த நேற்றையது. தேர்தல் முடிவு தெரிந்து ஊரே ஆறிப்போன பிறகு இவர் ஒருவர் மட்டும் புதிதாக அதிர்ச்சி அடைவார். முடிவெட்டில் முன்பக்கம் இந்த மாதம், பின்பக்கம் அடுத்த மாதம்.

அடுத்து, வீட்டில் சும்மா இருக்கிற ஒத்திகை. பத்து நாள் லீவு போட்டார். மூன்றாம் நாளே வீட்டில் வருகைப் பதிவேடு திறந்துவிட்டார். பால்காரர் நாலு நிமிடம் லேட். பூனை அரை நாள் லீவு. அவர் மனைவிக்கு, அதாவது எங்கள் மதினிக்கு, காப்பி தாமதமானதற்கு விளக்கம் கேட்டு மெமோ. மதினி அதை நாலாக மடித்து, ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் செருகிவிட்டு அமைதியாகச் சொன்னார்.

"நீங்க வேலைய விட்டியன்னா, நான் மில்லுல சேந்துருதேன்."

மிச்ச லீவை ரத்து செய்துவிட்டு அண்ணாச்சி வந்து சேர்ந்தார்.

எங்கள் மில்லில் ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, வீடு வரை கூடப்போய் விட்டுவிட்டு வருவது வழக்கம். மாலை விழும்போது அழுதுவிடுவோமோ என்று இவருக்குப் பயம். அதற்கும் ஒத்திகை. டீக்கடைச் சாமி படத்து மாலையை இரவல் வாங்கிப் போட்டோம். தேம்பித் தேம்பி அழுதார். அடுத்த வருடம் அழுகை பாதியானது. மூன்றாம் வருடம் கல்லுமாதிரி நின்றார், பாராட்டிப் பேசிய நான்தான் அழுதேன். மூன்று முறையும் பஸ்ஸில் கூட்டிப்போய் வீட்டில் விட்டோம். மறுநாள் ஏழு மணிக்கு டாண் என்று நிற்பார்.

போன ஆவணியில் ஒருநாள், "ஏலே, இன்னைக்கு நெசமாவே கடைசி" என்றார். சிரித்தோம். போன வருடம் பேசியதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். மூன்று மணிச் சங்கு ஊதியதும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் பஸ் ஏறினார். மறுநாள் ஏழு மணிக்கு நாற்காலி காலி.

புரட்டாசி முதல் சனிக்கிழமை, நாலு பேர் பெரிய ரோஜா மாலையோடு அவர் வீட்டுக்குப் போனோம். பூட்டிக் கிடந்தது. திருவண்ணாமலைக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சிவன் கோயில் ஊர் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய பெருமாள் மலைதான். ஓடினோம். பாதிப் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மதினி முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

புரட்டாசிச் சனி அத்தனைக்கும் ஜோடியாக மலை ஏறுவதாகக் கல்யாணமான புதிதில் மதினி வேண்டிக்கொண்டாராம். அந்தச் சனிக்கிழமைகளில் பாதி மில் லீவு கேட்கும். லீவுச் சீட்டு வாங்குகிற ஆள் எப்படி எழுந்து போவது? அப்படியே முப்பது புரட்டாசி போய்விட்டது.

"அம்பத்தெட்டுல எனக்கு லீவு கெடைச்சிரும்லே," என்றார் அண்ணாச்சி. "அவளுக்கு முழங்கால் கெடைக்குமா?"

மாலையை அவர் கழுத்துக்குக் கொண்டுபோனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"எனக்குத்தான் மூணு போட்டாச்சே. அரைச் சம்பளத்துல குடும்பம் நடத்துனவ அவள்லா."

மாலையை வாங்கி மதினி கழுத்தில் போட்டார். போட்டதும் அண்ணாச்சிக்கு உதடு கோணியது. அத்தனை கூட்டத்துக்கு நடுவில் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டார்.

"செத்த நேரம் அழுதுட்டு எந்திரிங்க," என்றார் மதினி. "இன்னும் பாதிப் படி கெடக்கு. லேட்டானா மெமோ குடுப்பிய."

மூன்று வருட ஒத்திகையும் வீணாய்ப் போனதில் எனக்கு அம்புட்டுச் சந்தோஷம்.