புதுசுதான் வேணுமாம்

துறைமுகத்தின் இணையதளம் ஏற்றுக்கொண்டு, பச்சை எழுத்தில் 'நன்றி'யும் சொல்லிவிட்ட கோப்பை நேசக்குமார் தன் கையாலேயே வாபஸ் வாங்கினான்.

வேறு என்ன செய்வான்? அலுவலகத்தைப் பெருக்கித் துடைத்து, டீயும் வாங்கி வந்து தரும் இசக்கிசெல்வி சற்று முன்புதான் வாசலில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனாள்.

"தம்பி, அண்ணாச்சி சொல்லிவிட்டாரு. பழசு இனிமே ஆகாதாம். புதுசுதான் வேணுமாம். சாயங்காலத்துக்குள்ள அனுப்பிரணுமாம்."

சொன்ன கையோடு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நேசக்குமாருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அண்ணாச்சி என்றால் முதலாளி மந்திரமூர்த்தி. பழசு என்றால் பழைய ஸ்கீமா. புதுசு என்றால் போன வாரம் துறைமுகத் தளத்தில் வெளியிட்ட புதிய ஸ்கீமா. கப்பலேறும் சரக்கின் விவரத்தை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதி அனுப்ப வேண்டும். எந்த விவரம் எங்கே, எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்ற சட்டம்தான் ஸ்கீமா. கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் கோபக்கார மாமா மாதிரி, ஒன்று பிசகினாலும் உள்ளே விடாது.

கன்டெய்னரில் இருந்தது கருவாடு. மாலைக்குள் கோப்பு ஏறினால் கொழும்புக் கப்பலில் போகும். போன முறை ஒரு பிழையால் கப்பலை விட்டு, ஏற்கெனவே காய்ந்த கருவாடு துறைமுக யார்டில் மேலும் காய்ந்து, பக்கத்து முத்தையாபுரம் வரைக்கும் மணந்தது. "இன்னொரு தடவ கப்பல விட்டேன்னா, மறுநா ஒன் ஊரு சாத்தான்குளத்துக்கு பஸ் ஏறிருலே" என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று, அவன் கட்டிக்கொள்ள நினைத்திருந்த ஜெபசுதாவின் அப்பாவும் சொல்லியிருந்தார். ஆகக் கருவாட்டோடு சேர்ந்து கல்யாணமும் அந்தக் கன்டெய்னருக்குள்தான் கிடந்தது.

புதிய ஸ்கீமா, கோப்பின் தலையில் 'நேம்ஸ்பேஸ்' என்று ஒரு வரி கேட்டது. இணைய முகவரி போல நீளமானது. அதற்குச் சுருக்கமாக 'எம்' என்று ஒரு முன்னொட்டு. நேசக்குமார் அதைத் தலையில் மட்டும் ஒட்டிவிட்டு, அலுவலக மென்பொருளில் சோதித்தான். சிவப்பில் ஒரு வரி வந்தது.

'கன்டெய்னர் இங்கே எதிர்பார்க்கப்படவில்லை.'

"எதிர்பார்க்கலையா? துறைமுகக் கேட்டுல வந்து நிக்கி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினான்.

தலைக்கு மட்டும் போட்டால் போதாது போலிருக்கிறது என்று, ஒவ்வொரு விவரத்தையும் திறந்து மூடும் எல்லாக் குறிகளுக்கும் ஒரே அடியாக 'எம்' சேர்க்கச் சொன்னான். கணினி சொன்னதைச் செய்தது. திறக்கும் குறிகளில் ஒழுங்காகவும் மூடும் குறிகளில் கோணலாகவும் செருகிவைத்தது. திறந்தது எதுவும் மூடவில்லை என்று திரை முழுக்கச் சிவப்பு. ஒரு வாய் டீ இருந்தால் மூளை ஓடும். இன்றைக்குப் பார்த்து டீயும் வரவில்லை.

தலையில் ஒட்டியதை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டு அண்ணாச்சிக்கு போன் போட்டான். அவர் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவில் இருந்தார். மேளச் சத்தம் காதைப் பிளந்தது.

"அண்ணாச்சி, புதுசுதான அனுப்பணும்?"

"என்னலே? ஒண்ணும் கேக்கல, மேளம் அடிக்கி!"

"அனுப்பணும்லா?"

"ஆமா, அனுப்பு, அனுப்பு! அனுப்பாம என்ன செய்யுத?"

இணைப்பு அறுந்தது. இனி சந்தேகமே இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

அந்த நேம்ஸ்பேஸ் முகவரியில் போய்த்தான் பார்ப்போமே என்று இணையத்தில் திறந்தான். 'பக்கம் இல்லை' என்றது. நேசக்குமாருக்குப் பொறி தட்டியது. முகவரியே செத்துப்போயிருக்கிறது! தளத்தின் முதல் பக்க முகவரி நன்றாகத் திறந்தது. அதை எடுத்து அந்த இடத்தில் வைத்தான். சோதித்தான். ஒரு பிழைகூட இல்லை. எழுந்து நின்று இயேசுவுக்கு நன்றி சொல்லிவிட்டு ஏற்றினான்.

தளம் நிராகரித்தது. இன்னாருடைய கோப்பு என்றே தெரியவில்லையாம்.

சட்டை முதுகில் ஒட்ட, மென்பொருள் கம்பெனி உதவி எண்ணைக் கூப்பிட்டான். எடுத்தது ஜெஸ்மி. நாசரேத்துக்காரி. கதையைக் கேட்டுச் சிரித்தாள்.

"தம்பி, அது போற அட்ரஸ் இல்ல, வெறும் பேரு. நீங்க பேர மாத்துனதும் சோதிக்கிற சாப்ட்வேர், இது நமக்குத் தெரிஞ்ச ஆளே இல்லன்னு எதையும் பாக்காம விட்டுருச்சு. அதான் பிழை வரல."

"எதுக்குக்கா இந்தப் பேரு?"

"எங்க ஊர்த் தெருவுல நின்னு ஜெபசுதான்னு கூப்பிட்டா எத்தன பேரு திரும்புவா?"

"அவள எதுக்கு இதுல இழுக்குதீங்க?"

"எவள? பாத்தீங்களா, எந்த ஜெபசுதான்னு சொல்லாட்டி இப்படித்தான் கொழப்பம். வெறும் பேரு பத்தாது, எந்த வீட்டுப் பேருன்னு சொல்லணும். அதான் நேம்ஸ்பேஸ். அந்த எம்ம எடுத்துருங்க. மொதல்ல குடுத்திருந்த முகவரிய முன்னொட்டு இல்லாம மேல ஒருக்க போடுங்க. அப்பா பேரு மாதிரி உள்ள இருக்குற பிள்ளைகளுக்கெல்லாம் அதுவே சேந்துரும்."

போட்டான். கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினான். திறந்தபோது பச்சை. கப்பல் கணக்கை மூடும் நேரத்துக்குச் சற்று முன்பு கருவாடு உள்ளே போனது. நேசக்குமாருக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழவும் செய்தான்.

நெற்றி நிறையத் திருநீறோடு மந்திரமூர்த்தி உள்ளே வந்தார்.

"ஏலே நேசம், காலையிலயே ஏத்தியாச்சுன்னு போனுக்கு மெசேஜ் வந்துச்சு. பொறவு வாபஸ்ங்கான். இப்ப திரும்ப ஏத்தியாச்சுங்கான். என்னலே வெளையாட்டு?"

"நீங்கதான அண்ணாச்சி பழசு ஆகாது, புதுசுதான் வேணும்னு சொல்லிவிட்டீங்க?"

"நானா? பழசுதான் அடுத்த மாசம் வரைக்கும் செல்லுமே! நான் எதுக்குச் சொல்லுதேன்?"

"போன்லகூட அனுப்புன்னீங்களே!"

"கருவாட்ட அனுப்பணுமான்னு நீ கேக்கன்னுல்லா நெனச்சேன்."

நேசக்குமார் திரும்பினான். மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருந்த இசக்கிசெல்வியைப் பார்த்தான்.

"யக்கா, அண்ணாச்சி சொன்னாருன்னு காலையில நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னாருதான் தம்பி, நீங்கதான் அனுப்பவே இல்ல, அதான் இன்னைக்கு டீயே வரல," என்றபடி இசக்கிசெல்வி அலமாரியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து நீட்டினாள். "இது ஒழுகுதாம், புதுசு குடுத்துவிட்டாத்தான் ஊத்துவேங்காரு, டீக்கடை அண்ணாச்சி."