மியூசியத்தில் மீன் அரிந்த டவுட்டு

எழுதி ஒட்டியிருக்கும் எதையும் நம்பாத மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். 'ஈரப் பெயின்ட், தொடாதே' என்று அட்டை தொங்கினால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கரீட்டாத்தான் எழுதிக்கிறான்" என்று கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். ரயிலில் பலகை இருந்தாலும் டிரைவரிடம் போய், "கும்மிடிப்பூண்டிதானே போவுது?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். அதனால் அவர் பெயர் டவுட்டு.

எழுபதுகளின் நடுவில், புது மெஷின் பழகிவர எங்கள் இருவரையும் ஹாலந்துக்கு அனுப்பினார்கள். "ஏதாவது வம்பு வந்துச்சு, அடுத்த பிளேன்ல ஊரு. வந்ததும் வேலை காலி" என்று மேனேஜர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

மூன்றாவது சனிக்கிழமை, ரொட்டி தின்று நாக்கு செத்துப்போன டவுட்டு சந்தையில் மீன் வாங்கினார். திரும்பும்போது நல்ல மழை. ஒதுங்கிய இடம் அந்தச் சின்ன ஊரின் மியூசியம். இரண்டே அறை, ஒரு ஹீட்டர், வாசலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு ஓர் அம்மாள்.

கடைசி அறையில் டவுட்டு, "டேய்!" என்று கத்தினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம், மேடைமேல் ஓர் அருவாமணை!

"அட்டையில இன்னா எழுதிக்கீது?"

ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். "கீழை நாட்டுப் போர்வீரர்களோட ஆயுதமாம். கால்ல கட்டிக்கினு உதைப்பாங்களாம்."

"உதைப்பாங்களா? இதுல மீன் அரிவாங்கடா! பழவேற்காட்டுல எங்கம்மா டெய்லி இன்னா சண்டையா போட்டுச்சி?"

"வேணாண்ணா, பேஜாராயிடும்..."

அதற்குள் கயிற்றைத் தாண்டிவிட்டார். அருவாமணையைத் தரையில் இறக்கி, கோட்டோடு குந்தி, மணையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, பையிலிருந்த மீனை எடுத்து அரிய ஆரம்பித்தார். எட்டிப் பார்த்த அம்மாள் அலறிக்கொண்டே டெலிபோனுக்கு ஓடினார். போலீஸ், பிளேன், மேனேஜர் முகம் எல்லாம் எனக்கு வரிசையாகத் தெரிந்தன.

டவுட்டு நிமிரவே இல்லை. "சாணையே புடிக்காம வெச்சிகிறாங்க, நைனா."

வந்தவர் போலீஸ் இல்லை. மியூசியத்தை நடத்தும் வழுக்கைத் தலைப் பெரியவர். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் மீனைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், பிறகு நோட்டைத் திறந்து, "தயவுசெய்து இன்னொரு மீன்" என்றார். அலறிய அம்மாளும் முட்டி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பழைய அட்டை குப்பைக்கூடைக்குப் போனது.

அப்போதுதான் டவுட்டுக்கு அடுத்த சந்தேகம். "இது எப்டி இங்க வந்துச்சின்னு கேளு."

எந்தக் காலத்திலோ யாரோ கப்பலில் கொண்டுவந்திருப்பார்கள் என்றார் பெரியவர். டவுட்டு மணையைத் தடவிப் பார்த்தார்.

"பாவம்டா, அந்த ஊட்டுப் பொம்பள எத்தினி நாளு தேடிக்கினு இருந்தாளோ."

அருவாமணையைக் கழுவி, தன் மஃப்ளரால் துடைத்து, மேடையில் பதமாக வைத்தார்.

கிளம்பும்போது அந்த அம்மாள் என்னிடம், "கூட வேலை செய்கிறவரா?" என்று கேட்டார்.

"இல்லை, என் அண்ணன்" என்றேன்.

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் அன்று அதைச் சொன்னபோது, பொய் சொல்வதுபோலவே தோன்றவில்லை.