வகுப்பறைத் தரையில் நான் மலையேறிய விவரம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையாகிய என் மனைவியும் நலம். என் முழங்கால்கள் மட்டும் அவ்வளவு நலமில்லை. நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் குடும்பத்தில் எனக்கிருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். ஆகவே படித்ததும் கிழித்துவிடவும்.

எங்கள் பள்ளிக்கு விஆர் கண்ணாடிகள் வந்திருக்கின்றன. தலையில் மாட்டிக்கொண்டால் நாம் இருக்கிற அறை மறைந்து வேறோர் உலகம் வந்துவிடும். அதில் பாறைகளைப் பற்றிய பாடத்துக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது. செங்குத்தான மலை, பாறை அடுக்குக்கு ஒரு கேள்வி. சரியான பதிலைச் சொன்னால் மேலே பிடித்து ஏற ஒரு பிடி முளைக்கும். "முதல்ல யாராவது ஆசிரியர் செஞ்சு காட்டினா பிள்ளைங்களுக்குப் பயம் போகும்" என்றார் கம்ப்யூட்டர் டீச்சர். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பூகோளம், பாடத்துக்காகவும் வயிற்றுக்காகவும். அந்தப் பூகோளம் சும்மா இருந்திருக்கலாம். "மலையப் பத்தி எனக்கே சொல்லித்தரப் போகுதா இது?" என்று கேட்டுவிட்டு முன்னால் போய் நின்றேன்.

என் நாக்கில் சனி. நான் பார்ப்பதெல்லாம் பெரிய திரையில் வகுப்புக்கே தெரிந்தது. முதல் கேள்வி எரிமலைப் பாறை பற்றி. டக்கென்று சொன்னேன், ஒரு பிடி முளைத்தது, ஏறினேன். அடுத்தது சுண்ணாம்புக்கல். அதையும் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள், எனக்கு வாயெல்லாம் பல். அந்த நேரத்தில் ஏதோ ஒரு கேடுகாலம் என்னைக் கீழே பார்க்கச் சொன்னது. அத்தான், கீழே தரை இல்லை! மேகம் இருந்தது! தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆட்டம் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் தன் வகுப்புக்கு முன்னால் பளிங்குக்கல் எப்படி உருவாகிறது என்று தெரியாது என்று சொல்ல எந்தப் பூகோள வாத்தியாருக்கு மனசு வரும்? நடுங்கிக்கொண்டே சரியான பதிலைச் சொன்னேன், இன்னும் மேலே போனேன். உலகத்திலேயே படித்த படிப்பால் இப்படி அந்தரத்தில் தொங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே அப்படியே மண்டியிட்டேன். பிறகு குப்புறப் படுத்தேன். கை எதிலோ தட்டுப்பட்டது, இறுகக் கட்டிக்கொண்டேன். அது மேசைக்கால் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது பாறை.

"சார், கண்ணாடியக் கழட்டிடுங்க, அவ்வளவுதான்" என்றார் கம்ப்யூட்டர் டீச்சர்.

"கையை விட்டாத்தானேம்மா கழட்ட முடியும்? கையை விட்டா விழுந்துருவேன்!"

அவரே கழற்ற வந்தார். யாரோ என்னைத் தள்ளுகிறார்கள் என்று நினைத்துக் கத்திவிட்டேன். வகுப்பு சிரித்த சிரிப்பில் என் மானம் கப்பலேறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சத்தத்தில்தான் பக்கத்து அறையில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த உங்கள் தங்கை ஓடிவந்தாள். அவளும் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்துப் பாறைக்கு வந்திருக்க வேண்டும். குரல் அவ்வளவு கிட்டத்தில் கேட்டது.

"என்னங்க, நான்தான். இங்கதான் இருக்கேன். இடது காலை மெதுவாக் கீழ வைங்க."

"வழுக்குதும்மா."

"வழுக்காது. நான் பிடிச்சிருக்கேன்ல?"

ஒவ்வொரு காலாக, தரையில் படுத்தபடியே பின்னால் நகர்ந்து மலை இறங்கினேன். பாதி வழியில் அவள் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பதினோராவது மாடி வீட்டை வேண்டாம்னீங்களே, இதுக்குத்தானா?" என்று கேட்டாள்.

நீங்கள் அலைந்து பார்த்துக் கொடுத்த வீடு. லிஃப்ட் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் என்றேன், காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளும் என்றேன், கொசு என்றுகூடச் சொன்னேன். அத்தனையும் கட்டுக்கதை. பால்கனியில் நீங்கள் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நான் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது காற்று வாங்க இல்லை. மலையில் தொங்குகிறவனால் பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. "இதச் சொல்றதுக்கு என்ன? நான் என்ன வேத்து மனுஷியா?" என்றாள்.

அடிவாரம் வந்ததும் அவளே கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு ஒரு பெண் எழுந்து, "சார், பதில் எல்லாம் சரி சார்" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். அந்த உயரத்திலிருந்து சொந்தக் காலால் இறங்கியவனுக்குப் பதினோரு மாடி எந்த மூலைக்கு? பயம் விட்டுப் போய்விட்டது. வீட்டுக்காரரிடம் தயங்காமல் சரி என்று சொல்லிவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, உங்களுக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசி இருந்தால் பால்கனியில் நாற்காலி போட்டே உட்காருவேன்.

என்றும் தங்கள்,
மைத்துனன்

பி.கு.: அண்ணா, தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தார், படித்துவிட்டேன். நான் எந்தக் கண்ணாடியையும் மாட்டவில்லை. நான் உள்ளே நுழைந்தபோதே கம்ப்யூட்டர் டீச்சர் விளையாட்டை அணைத்துவிட்டிருந்தார். இவர் கண்ணைத் திறந்திருந்தால் வெறும் இருட்டுதான் தெரிந்திருக்கும். இல்லாத மலையிலிருந்து இறங்கியிருக்கிறார், அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போது தைரியத்தைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போனார். ஏறிய சத்தம் கேட்டது, இறங்கிய சத்தம் கேட்கவில்லை. என்னைக் கூப்பிடும் சத்தம்தான் கேட்கிறது. நான் போய்க் கூட்டிவருகிறேன். தரைத்தளத்தில் ஏதாவது வீடு இருந்தால் பாருங்கள் அண்ணா.