எடை நோயான கதை

அமெரிக்காவின் ஒமாஹா நகரத்தில் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்றின் மூன்றாம் மாடியில் 'விண்ணப்ப மறுப்புப் பிரிவு' என்று ஒன்று இருந்தது. மறுப்பு என்ற சொல் மனதைப் புண்படுத்துகிறது என்று வெளியூர் ஆலோசகர் ஒருவர் கண்டுபிடித்ததால், அதை 'உறுப்பினர் அரவணைப்புப் பிரிவு' என்று மாற்றினார்கள். வேலை மாறவில்லை. போனில் கூப்பிடுகிறவர்களிடம் அவர்கள் கேட்ட சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று அரவணைப்போடு சொல்ல வேண்டும்.

அந்தப் பிரிவில் எல்லோரையும்விட அழகாக 'இல்லை' சொன்னவள் லொரெட்டா நோவாக். அவளிடம் 'இல்லை' வாங்கியவர்கள் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்கள்.

லொரெட்டா நல்ல பருமன். ஒரு காலத்தில் சனிக்கிழமை தவறாமல் கணவன் மைலோவோடு செக் நாட்டு வம்சத்தாரின் மன்றத்தில் போல்கா நடனம் ஆடியவள். முழங்கால் தேய்ந்தபின் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மற்றவர்கள் ஆட்டத்துக்குக் கை தட்டினாள். மைலோவும் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினான். அவன் கால் நன்றாகத்தான் இருந்தது.

எலும்பு டாக்டர் முட்டியை மாற்றிவிடலாம் என்றார். தன் ஊழியர்களுக்கும் காப்பீடு கொடுத்த கம்பெனி அன்றே ஒப்புதல் கொடுத்தது. ஆனால் டாக்டர், "இந்த எடையில நான் கத்தி வைக்க மாட்டேன்மா. முதல்ல குறைங்க" என்று சொல்லி, வாரம் ஒரு முறை போடும் ஊசி எழுதிக் கொடுத்தார். ஊசி கம்பெனியின் திட்டத்தில் இல்லை. ஆக, லொரெட்டாவுக்குச் செய்ய முடியாத அறுவை சிகிச்சைக்கு முழுப் பாதுகாப்பு இருந்தது.

ஊழியர்களும் காப்பீடு எடுத்த சாதாரண உறுப்பினர்களைப் போல் போனில்தான் முறையிட வேண்டும் என்பது விதி. இடைவேளையில் லொரெட்டா கூப்பிட்டாள். பக்கத்து மேஜையில் மணி அடித்தது.

"வணக்கம், உங்கள் நலமே எங்கள் மூச்சு. நான் டுவெய்ன்."

"டுவெய்ன், நான்தான். உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

"உங்க பிறந்த தேதி சொல்லுங்கம்மா."

"நேத்து என் கேக்கை ரெண்டு துண்டு தின்னியே, அப்பத் தெரியலையா?"

டுவெய்ன் திரும்பிப் பார்க்காமல் தட்டச்சு செய்தான். "அம்மா, உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது. ஆனா எங்க விதிப்படி பருமன் ஒரு நோய் இல்ல. அது வாழ்க்கை முறை."

"முட்டி போனதும் வாழ்க்கை முறையா?"

"முட்டி நோய்தான். அதுக்குத்தான் ஒப்புதல் குடுத்திருக்கோமே. உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இல்ல."

"அடடா." அவன் குரலில் உண்மையான வருத்தம். "வந்ததும் உடனே கூப்பிடுங்க. அதே மருந்து, வேற பேர்ல கிடைக்கும். மாரடைப்பு ஏதாவது வந்திருக்கா?"

"இன்னும் இல்ல."

"நம்பிக்கையை விட்டுடாதீங்கம்மா."

போனை வைத்துவிட்டு அவன் நாற்காலியைத் திருப்பினான். "கோவிச்சுக்காத லொரெட்டா. நான் சொன்னதுல குத்தம் ஏதாவது இருக்கா?"

"'அடடா' கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள் லொரெட்டா. தொழில் தொழில்தான்.

அவள் மேல்முறையீடு செய்தாள். அதை விசாரிக்கக் கம்பெனி ஒரு நிபுணரை நியமித்தது. அவர் கண் டாக்டர். லொரெட்டாவின் கோப்பை ஆழ்ந்து ஆராய்ந்து, பார்வைக்கு ஆபத்தில்லை என்று எழுதினார். அடுத்து, உணவுக் கட்டுப்பாட்டில் ஆறு மாதம் இருந்து காட்டச் சொன்னார்கள். இருந்தாள். மைலோ வறுத்த பன்றி இறைச்சியைக் கார் கொட்டகையில் நின்று சாப்பிட்டான், வாசனை வரக்கூடாது என்று. லொரெட்டா கொஞ்சம் இளைத்தாள்.

"பார்த்தீங்களா, உணவுக் கட்டுப்பாடே வேலை செய்யுது. மருந்து எதுக்கு?" என்றது மேல்முறையீட்டுக் குழு.

"இளைக்காம இருந்திருந்தா?"

"நீங்க ஒத்துழைக்கலைன்னு அர்த்தம். ஒத்துழைக்காதவங்களுக்கு மருந்து குடுத்து என்ன பிரயோஜனம்?"

இதில் குறை சொல்ல ஏதுமில்லை. லொரெட்டா தண்ணீர் குடிக்கப் போனாள். குழு கூடிய ஆறாம் மாடி, தலைமை அதிகாரிகளின் மாடி. அந்த வருஷம் அங்கே எல்லோரும் ஒரே சமயத்தில் இளைத்திருந்தார்கள். பிரிவுத் தலைவர் பிரெண்ட் ஹால்வர்சனின் கழுத்துப்பட்டைக்குள் இன்னொரு கழுத்து போகும். ரகசியம் கேட்டால், "படிக்கட்டு ஏறுறேன், நிறைய தண்ணி குடிக்கிறேன்" என்பார். லொரெட்டா தண்ணீருக்காகக் குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே தண்ணீர் இல்லை. அவளுக்கு எழுதிக் கொடுத்த அதே ஊசிகள், ஒவ்வொன்றிலும் ஒரு அதிகாரியின் பெயர் ஒட்டி, வரிசையாக இருந்தன.

ஊழியர் நலக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். எழுவதற்கே மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஐயா, ஆறாம் மாடியில பருமன் நோயா, வாழ்க்கை முறையா?"

 மண்டபத்தில் கைதட்டல் கூரையைப் பிளந்தது. பிரெண்ட் கண் கலங்கினார்.

"அதிகாரிங்க திட்டம் வேற, உங்க திட்டம் வேற. ஆனா நீங்க கேட்டது நியாயம். முடிவை உங்க கையிலயே குடுத்துடறேன். இந்த ஊசியை எல்லாருக்கும் சேர்த்தா, உங்க ஒவ்வொருத்தர் மாசச் சந்தாவும் ஒரு காப்பி விலை ஏறும். ரகசிய ஓட்டு. நீங்களே தீர்மானிங்க!"

ஆட்கள் வரிசையில் நின்று லொரெட்டாவைக் கட்டிப்பிடித்தார்கள். அழுதார்கள்.

ஓட்டு எண்ணினார்கள். தீர்மானம் படுதோல்வி.

மறுநாள் காலை ஒருவர் மாற்றி ஒருவர் அவள் மேஜைக்கு வந்தார்கள். "நான் உனக்குத்தான் போட்டேன், எந்தப் பாவி எதிர்த்துப் போட்டானோ!" அன்று மதியத்துக்குள் அப்படிச் சொன்னவர்களை மட்டும் கணக்கில் எடுத்தாலே தீர்மானம் அமோகமாக ஜெயித்திருக்கும். டுவெய்னும் வந்தான். லொரெட்டா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் காப்பியை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலை காரில் அவள் அழுததை மைலோ மட்டும் பார்த்தான். அந்த மாதமே வேலையை விட்டாள்.

வாகனப் பதிவு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. ஆனால் அங்கே ஊழியர் காப்பீட்டில் அந்த ஊசி உண்டு. காப்பீடு நடத்தியது யார் என்றால், அவள் விட்டு வந்த அதே கம்பெனிதான். அதே கம்பெனி, அதே மருந்து, அதே லொரெட்டா. இரண்டு மைல் தள்ளிப் போய் உட்கார்ந்ததும் அவள் எடை நோயாகிவிட்டது.

ஒரு வருஷத்தில் இளைத்தாள். முட்டியை மாற்றினார்கள். மன்றத்தில் மைலோவோடு மீண்டும் ஆடினாள். மூச்சு வாங்கியது மைலோவுக்குத்தான்.

ஊசியைப் புதுப்பிக்க ஒரு நாள் கூப்பிட்டபோது டுவெய்ன் எடுத்தான். உடனே ஒப்புதல் கொடுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"லொரெட்டா, எனக்கும் டாக்டர் அதே ஊசி எழுதியிருக்கார். இங்க கேட்டா, ஊழியர்களே ஓட்டுப் போட்டு வேண்டாம்னுட்டாங்களேங்கறாங்க. உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்களா?"

"எடுக்கறாங்க. ஆனா புதுசா வர்றவங்களுக்கு இந்த ஊசி கிடையாது."

"ஏன்?"

"அவங்களுக்கும் குடுத்தா எங்க சந்தா ஏறும்னாங்க. போன வாரம் ஓட்டெடுத்தாங்க. தோத்துப்போச்சு."

டுவெய்ன் குரலை இன்னும் தாழ்த்தினான்.

"நீ எப்படிப் போட்ட?"

"இதென்ன கேள்வி டுவெய்ன்?" என்றாள் லொரெட்டா. "குடுக்கணும்னுதான் போட்டேன். எந்தப் பாவி எதிர்த்துப் போட்டானோ!"